பெங்களூரு ராக் பேண்டுகள்: ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனிக்கிழமை ராத்திரி பேஸ் கிட்டார். வருஷா வருஷம் கோயமுத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிள்ளைகள் எங்கள் ஆபீஸில் வந்து சேருகிறார்கள். மேசைக்கு அடியில் என் கிட்டார் பையைப் பார்த்ததும் "அண்ணா, நீங்க பேண்ட்ல இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் டீ ஆறிப்போகிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

பெங்களூருதான் இந்தியாவின் ராக் தலைநகரம் என்கிறார்களே, நிஜமா பில்டப்பா?

பாதி நிஜம். மும்பைக்காரர்கள் 1986-லிருந்தே இண்டிபெண்டன்ஸ் ராக் என்கிற விழாவை நடத்தியவர்கள், ராக்குக்குப் பேர்போன ஷில்லாங்கில் போய் இதைச் சொன்னால் சண்டைக்கே வருவார்கள். பெங்களூருக்கு இந்தப் பட்டம் வந்ததற்குப் பெரிய காரணம் பேலஸ் கிரவுண்ட்ஸ். ஊருக்கு நடுவில் அவ்வளவு பெரிய திடல் வேறு எந்த நகரத்திலும் சுலபமாகக் கிடைக்காது. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள், 2007-ல் அயர்ன் மெய்டன், அதே வருஷம் ஏரோஸ்மித், 2011 அக்டோபரில் மெட்டாலிகா. மெட்டாலிகாவுக்கு டெல்லிப் பக்கம், குர்கானில், இரண்டு நாள் முன்னால் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ரத்தாகி, அங்கே டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பிளைட் பிடித்து இங்கே ஓடி வந்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டிலேயே முன்பின் தெரியாத மூன்று பேர் தூங்கினார்கள், நண்பனின் நண்பனுக்கு நண்பர்கள்.

ஆனால் இதெல்லாம் நாம் கூட்டமாக நின்று கைதட்டிய கதை. திடலில் முப்பதாயிரம் பேர் நின்றதால் ஊரில் ஒரு பேண்ட்கூட உருவாகிவிடாது. பேண்ட் உருவாக எண்பது பேர் நிற்கிற அறை வேண்டும், அங்கே மாதம் இரண்டு தடவை வாசிக்க இடம் வேண்டும். இந்த ஊரில் அது கிடைத்தது, அப்புறம் போனது, திரும்ப வேறு தெருவில் கிடைத்தது. பெங்களூரு ராக் வரலாறு என்று என்னைக் கேட்டால் இந்த அறைகளின் வரலாற்றைத்தான் சொல்வேன்.

எப்போது ஆரம்பித்தது இது?

கண்டோன்மெண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1809-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே முகாம் போட்டது. பட்டாளத்தோடு சர்ச் வந்தது, கிளப் வந்தது, பியானோ வந்தது, கூடவே மெட்ராஸ் ராஜதானியிலிருந்து நம் ஆட்களும் வந்தார்கள், சிப்பாயாக, கொத்தனாராக, சமையல்காரராக. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கிட்டார் வைத்திருந்தார்கள். 1970-களில் ஹ்யூமன் பாண்டேஜ் என்று ஒரு பேண்ட் இங்கே வாசித்துக் கொண்டிருந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த ரமேஷ் ஷோதம் மெட்ராஸில் பிறந்தவர், பிற்பாடு ஜெர்மனிக்குப் போய் தவிலையும் கடத்தையும் ஜாஸ் மேடையில் ஏற்றியவர். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எண்பதுகளின் கடைசியில் பப் கலாசாரம் வந்தது. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பெக்கோஸ் மாதிரி இடங்களில் பழைய ராக் பாட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 1996-ல் கிரைஸ்ட் காலேஜில் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் பேண்ட் தொடங்கியது, அதே வருஷம் சுதந்திர தினத்தை ஒட்டி ஃப்ரீடம் ஜாம் என்கிற இலவச நிகழ்ச்சியும் தொடங்கியது. பெயர் இல்லாத பேண்டுக்கும் மேடை கிடைக்கும் என்பதுதான் ஃப்ரீடம் ஜாமின் பெரிய விஷயம். கொஞ்ச நாளில் நேஷனல் லா ஸ்கூல் பிள்ளைகள் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் என்று ஒரு பேண்ட் போட்டி ஆரம்பித்தார்கள். அதில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டால் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம் (நாங்கள் வரவில்லை).

அல்சூர், சிவாஜிநகர் தமிழர்களுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் பையன்கள் கிட்டார் கற்றுக்கொண்ட வழி இரண்டு. ஒன்று சர்ச் பாடகர் குழு. சிவாஜிநகர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் கிட்டார் வாசித்தவன்தான் சனிக்கிழமை, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தான். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்குப் பத்து நாள் பயிற்சி எடுத்தால் கார்டு (கம்பிகளில் விரல் பிடி) மாற்றுவது தானாக வந்துவிடும், ஒரு தடவை தப்பினாலும் மாஸ்டர் எல்லார் முன்னாலும் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொரு வழி ஆர்கெஸ்ட்ரா. ஸ்ரீராமபுரம், அல்சூர் பகுதிகளில் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டே இருக்கும். இளையராஜா பாட்டுகளின் பேஸ் லைனை முழுசாக வாசிக்கத் தெரிந்தவனுக்கு எந்த வெளிநாட்டு ராக் பாட்டும் பெரிய கஷ்டமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு பேஸ் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர்தான். ஆங்கிலப் பாட்டு ஒன்றுகூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டார், டேப்பில் ஒரு தடவை ஓட்டினால் போதும், அடுத்த தடவை கூடவே வாசித்துவிடுவார்.

என் அம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டில் "பெரியவன் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறான்" என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதில்லை.

வீட்டில் "லைவ் பேண்ட்" என்று சொன்னால் அப்பா முகம் மாறிவிட்டது, ஏன்?

உங்கள் அப்பா பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்தவராக இருக்க வேண்டும். இந்த ஊரில் "லைவ் பேண்ட்" என்றால் ரொம்ப நாளாக அர்த்தமே வேறு. பெண்கள் ஆடுகிற பாருக்கு இங்கே அதுதான் பெயர், போலீஸ் ஆவணத்திலும் சரி, கன்னடப் பேப்பரிலும் சரி. "லைவ் பேண்ட் மேல் ரெய்டு" என்று செய்தி வந்தால் அதில் கிட்டார் எதுவும் இருக்காது. எங்கள் அப்பாவும் முதல் தடவை கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் "கச்சேரி" என்று சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இது சிரிக்கிற விஷயமாக மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. சட்டமும் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தது, அதில்தான் 2018-ல் எல்லாரும் மாட்டினோம்.

2018-ல் என்ன ஆயிற்று?

2005-ல் கர்நாடகத்தில் போலீஸ் சட்டத்தின் கீழ் ஒரு உத்தரவு போட்டார்கள். பெங்களூரு நகரத்தில் பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது அதன் சாரம். டான்ஸ் பார்களை மனதில் வைத்துப் போட்டது, ஆனால் அந்த வலையில் லைவ் மியூசிக்கும் விழும். பார்க்காரர்கள் எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. கடைசியில் 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வருஷ நடுவில் இந்திரா நகர் பக்கம் போலீஸ், லைசென்ஸ் இல்லாத இடங்களில் பாட்டை நிறுத்தச் சொன்னது. லைசென்ஸ் வாங்கலாமே என்றால், கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் இந்தச் சான்றிதழ் என்று கேட்பார்கள், வீட்டைப் பப்பாக மாற்றிய இந்திரா நகர் கட்டடங்களில் பாதிக்கு அது இருக்காது.

எங்களுக்கு அந்த வாரம் ஒரு பப்பில் நிகழ்ச்சி இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரம்ஸை இறக்கிவிட்டோம், ஸ்டாண்டு மாட்டியாயிற்று. ஐந்தரைக்கு மேனேஜர் வந்து, "சார், இன்னிக்கு வாசிக்க வேண்டாம், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவருக்கும் சங்கடம்தான். நாங்கள் நாலு பேரும் மேடைக்கு எதிரில் உட்கார்ந்து, மாட்டி வைத்த டிரம்ஸைப் பார்த்துக்கொண்டே சில்லி பனீர் சாப்பிட்டோம். ஸ்பீக்கரில் யாரோ வாசித்து எப்போதோ ரெக்கார்டு பண்ணின பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தடை இல்லை, மனுஷன் நேரில் வாசித்தால்தான் தடை.

குடியிருப்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சத்த விதிகள் 2000-ம் வருஷத்திலிருந்தே இருக்கின்றன, குடியிருப்புப் பகுதியில் ராத்திரி அளவு 45 டெசிபல். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தமே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். காலால் அடிக்கிற கிக் டிரம் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் கட்டிலில் அதிர்ந்தால், குழந்தையைத் தூங்க வைத்தவர்கள் போன் பண்ணத்தான் செய்வார்கள். மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வைத்துவிட்டு, அப்புறம் கலைக்குத் தடை என்று கத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த வெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பதும் அதே விதிதான், அதனால்தான் திடல் நிகழ்ச்சிகளில் பெரிய பேண்டுகள்கூட பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

சரி, யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

தெர்மல் அண்ட் எ குவார்ட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது: முதலில் இருந்தவர்களில் மூன்று பேர் மலையாளி, ஒருவர் கால் மலையாளி, அதாவது 'த்ரீ மல் அண்ட் எ குவார்ட்டர்', மூன்றே கால் 'மல்' (மலையாளி). ராக், ஜாஸ், ஃபங்க் எல்லாம் கலந்து, போக்குவரத்து நெரிசலிலிருந்து ஊர்க் கதைகள் வரை பாடுவார்கள். அவர்கள் பின்னால் இசைப்பள்ளியும் தொடங்கினார்கள், இன்றைக்கு மேடையில் இருக்கிற பையன்களில் பலர் அங்கே படித்தவர்கள்.

ஹெவி மெட்டல் பிடிக்கும் என்றால் கிரிப்டாஸ். 1998-ல் தொடங்கி, 2013-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்தார்கள், அங்கே வாசித்த முதல் இந்திய பேண்ட் அவர்கள்தான். மெதுவாக, கனமாக, புகை மூட்டமாக வேண்டும் என்றால் பேவர் சீ. அந்தப் பெயரைச் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் கன்னட நண்பர் இருந்தால் சிரிப்பார், ஊர்சுற்றித் திட்டு அது.

ரகு தீக்ஷித்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவி சிசுநாள ஷரீஃபின் 'குடுகுடிய சேதி நோடோ' மாதிரிப் பதங்களை கிட்டாரோடு பாடி, ராக் என்றால் ஆங்கிலம்தான் என்கிற எண்ணத்தை இந்த ஊரில் உடைத்தவர். நம் சித்தர் பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வராத்மாவும் அந்த நாட்டுப்புற வழியில் போனவர்கள்.

அகம் பேண்டை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சன் டிவியின் பேண்ட் போட்டியில் ஜெயித்தவர்கள், ஆனால் ஊர் பெங்களூரு. கர்நாடகக் கீர்த்தனைகளை டிஸ்டார்ஷனோடு பாடுகிறவர்கள். கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள், மெட்டல் டி-ஷர்ட் போட்டவனுக்குப் பக்கத்தில் பட்டுப் புடவை மாமி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் உள்பட ரொம்ப நாள் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டே பாடியவர்கள் அவர்கள்.

இடம் மாறினால் இசை மாறுமா?

மாறும். என்னைப் பொறுத்தவரை இந்த ஊர் ராக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

காலேஜ் மேடையில் போட்டி, இருபது நிமிஷம், எதிரில் ஜட்ஜ். அதனால் அந்தக் காலத்து பேண்டுகள் வேகமாக, கஷ்டமாக வாசித்தார்கள், ஒவ்வொரு பாட்டிலும் கிட்டார் சோலோ இருக்கும். பிறகு 2013-ல் இந்திரா நகரில் ஹம்மிங் ட்ரீ என்கிற கச்சேரி இடம் வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், எல்லாரும் மேடையைப் பார்த்து நிற்பார்கள். காசு கொடுத்தவன் கேட்பான். அங்கே மெதுவான பாட்டு எடுபட்டது, அமைதியாக ஆரம்பித்து ஏழு நிமிஷம் போகிற பாட்டு எடுபட்டது, சொந்தப் பாட்டு மட்டுமே ஒன்றரை மணி நேரம் வாசிக்க முடிந்தது. அந்த நாலைந்து வருஷத்தில் ஊரில் முளைத்த பேண்டுகளின் சத்தமே வேறு மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்த அறையும் அது மாதிரி அறைகளும்தான். 2019-ல் மூடிவிட்டார்கள்.

இப்போது பெரிய பெரிய பீர்க் கூடங்கள் வந்திருக்கின்றன. முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேண்ட் ஒரு மூலையில். நுழைவுக் கட்டணம் இல்லை, அதனால் யாரும் பாட்டுக்காக வரவில்லை. அங்கே தெரிந்த பாட்டு வாசித்தால்தான் தலை திரும்பும். மூன்று செட், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிஷம், நடுவில் பிறந்த நாள் கேக் வந்தால் அதற்கும் வாசிக்க வேண்டும். அதே பையன்கள், அதே கிட்டார். ஆனால் இந்த மேடையில் இரண்டு வருஷம் வாசித்தவன் பாட்டு எழுதுவதை விட்டுவிடுகிறான், பார்த்திருக்கிறேன், நானும் கொஞ்ச நாள் அப்படி இருந்தேன்.

ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் மாதிரி உட்கார்ந்து கேட்கிற இடங்கள் சில இருக்கின்றன, கோரமங்களாவில் டிக்கெட் வைத்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: முன்னூறு நானூறு ரூபாய் டிக்கெட் வைத்து, நீங்கள் கேள்விப்படாத இரண்டு பேண்டுகள் வாசிக்கிற நிகழ்ச்சியாகப் பார்த்துப் போங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

டிக்கெட் நிகழ்ச்சிகளுக்கு என் தங்கையும் ஆபீஸ் பிள்ளைகளும் தனியாகப் போய் வருகிறார்கள், இலவச பப்பைவிட அங்கே கூட்டம் ஒழுங்காக இருக்கும் என்கிறார்கள். முன் வரிசையில் முட்டி மோதுகிற மெட்டல் கூட்டத்தில்கூட யாராவது விழுந்தால் நாலு பேர் தூக்கிவிடுவார்கள். திரும்பி வருவதுதான் யோசிக்க வேண்டியது. கடைசி மெட்ரோ நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள், இந்திரா நகர், அல்சூர், எம்.ஜி. ரோடு மூன்றும் ஒரே பர்ப்பிள் லைனில் இருக்கின்றன. அதை விட்டால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

பெங்களூரில் தமிழில் பாடலாமா, பிரச்சினை வராதா?

நேராகவே சொல்கிறேன். பப்பில், டிக்கெட் நிகழ்ச்சியில், எங்களுக்குப் பிரச்சினை வந்ததில்லை. கூட்டத்தில் கால்வாசி நம் ஆட்கள், மிச்சப் பேருக்கும் ரஹ்மான் பாட்டு தெரியும். ஆனால் காவிரி பேப்பரில் முதல் பக்கத்துக்கு வரும் நாட்களில் வேண்டாம். 1991 காவிரிக் கலவரத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை, 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை நானே பார்த்தேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009-ல்தான் திறந்தார்கள், அந்தச் சிலையைக் கோணி சுற்றியே பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் கூட்டத்தை மோப்பம் பிடித்து நடந்துகொள்வது எங்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. நாங்கள் எப்போதும் ஒரு கன்னடப் பாட்டாவது வைத்திருப்போம். பயத்தினால் என்று நினைக்காதீர்கள், கன்னடம் எங்களுக்குத் தெரு மொழி, சின்ன வயதிலிருந்து அதில்தான் கிரிக்கெட் விளையாடினோம்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. தமிழ் ராக்குக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்கிறார்கள், அதெல்லாம் சும்மா. 'கட்டு', 'முட்டு', 'வெட்டு' என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் கிட்டார் கம்பியைக் கையால் அமுக்கி அடிக்கும்போது அச்சு மாதிரி உட்காரும். 'போச்சு', 'வந்தாச்சு' என்று முடியும் சொற்களில் கடைசி உகரத்தை விழுங்கிவிடலாம், டிரம்ஸுக்கு இடம் கிடைக்கும். உச்ச ஸ்தாயியில் இழுக்க வேண்டிய இடத்தில் ஆகாரம் வருகிற மாதிரி வரியை மடக்குங்கள், ஈகாரத்தில் இழுத்தால் தொண்டை கிழியும். 'ழ' வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டிஸ்டார்ஷனுக்கு நடுவில் அது யாருக்கும் கேட்காது.

அப்புறம் தாளம். ராக் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும். எங்கள் டிரம்மர் மர்ஃபி டவுன்காரன், கடைசிப் பாட்டில் ஒன்றும் சொல்லாமல், மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்துக்குப் போய்விடுவான், அதாவது நம் குத்துத் தாளம். முதல் தடவை அவன் அப்படிச் செய்தபோது கிட்டார்க்காரன் வங்காளி, திருதிருவென்று முழித்தான். ஆனால் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள், ஒருத்தர் தர்மபுரி, இன்னொருத்தர் கிருஷ்ணகிரி. அன்றிலிருந்து எங்கள் கடைசிப் பாட்டு அப்படித்தான்.

பேண்ட் ஆரம்பிக்கணும், முதலில் என்ன வேண்டும்?

டிரம்மர். கிட்டார் வாசிக்கிறவன் பிஜிக்கு (தங்கும் விடுதிக்கு) நாலு பேர் இருப்பான். டிரம்ஸ் வாசிக்கிறவன் கிடைக்க மாட்டான், ஏனென்றால் அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் வைத்துப் பழக முடியாது. கிடைத்தால் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஜாம் ரூம் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை, நாங்கள் போகிற இடத்தில் ஐந்நூறு ரூபாய். டிரம்ஸ், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), மைக் அங்கேயே இருக்கும், கிட்டாரும் டிரம்ஸோடு சேர்கிற சிம்பல் தட்டுகளும் நாம் கொண்டு போக வேண்டும். நான் முதலில் போனது காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் அடித்தளம். சுவர் முழுக்க முட்டை டிரே ஒட்டியிருந்தார்கள், மேலே கம்பளம். முட்டை டிரே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது, அதற்குக் கனமான சுவர் வேண்டும், காற்றுப் புகாத கதவு வேண்டும். மாடியில் இருந்த பாட்டி மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவார், அந்த நேரம் மட்டும் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு நாள் நாலு மணிக்குச் சரியாக ஆரம்பித்தோம், பாட்டி கீழே வந்து கதவைத் தட்டி, "நேத்து வாசிச்சதை இன்னிக்கு ஏன் வேகமா வாசிக்கிறீங்க?" என்றார். அவர் சொன்னது சரி, பயத்தில் வேகம் கூட்டியிருந்தோம். வேகம் மாறாமல் டிக் டிக் என்று தட்டுகிற மெட்ரோனோம் வாங்கினோம்.

மேடையில் மைக் ஷாக் அடிக்கிறதே, இது சகஜமா?

சகஜம், ஆனால் விளையாட்டு இல்லை. கிட்டாரைக் கையில் பிடித்தபடி உதடு மைக்கில் படும்போது சுரீர் என்கிறதென்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இல்லை. கிட்டார் கம்பி ஆம்ப் வழியாக ஒரு பக்கம், மைக் சவுண்ட் சிஸ்டம் வழியாக இன்னொரு பக்கம், நடுவில் நீங்கள். ஒரு பப்பில் எங்கள் பாடகனுக்கு இரண்டாவது வரியிலேயே அடித்தது, அவன் துள்ளினதை ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

முப்பது ரூபாய் டெஸ்டர் ஒன்று கிட்டார் பையில் எப்போதும் இருக்கட்டும். சவுண்ட் செக்கின்போது கம்பியில் வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் வாசிக்காதீர்கள். மேடையில் எல்லாவற்றுக்கும் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். மைக்குக்கு நுரைத்தொப்பி போடுவது அவசரத்துக்கு உதவும், அது வைத்தியம் ஆகாது. முக்கியமாக, 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக யாராவது எர்த் பின்னை உடைத்துவிடு என்றால், அவரை மேடையை விட்டு இறக்குங்கள்.

காசு வருமா?

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். போன மாதம் ஒரு பப்பில் நாலு பேருக்குச் சேர்த்து 16,000 பேசினோம். பத்து சதவீதம் டிடிஎஸ் போக 14,400. வண்டிச் செலவு 1,200. மூன்று நாள் பயிற்சி, நாளுக்கு இரண்டு மணி, ஜாம் ரூமுக்கு 3,000. மிச்சம் 10,200, தலைக்கு 2,550. பேஸ் கம்பி ஒரு நல்ல செட் வாங்கினால் அதில் பெரும்பகுதி காலி. அதுவும் அன்றைக்கே கைக்கு வராது. இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும், நாற்பத்தைந்து நாள் என்பார்கள், நாற்பத்தாறாம் நாள் போன் பண்ணினால் "அக்கவுண்ட்ஸில் ஆள் மாறிட்டாங்க" என்பார்கள். ஒரு இடம் எங்களுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறது, அந்த மேனேஜர் இப்போது வேறு பப்பில் இருக்கிறார், அங்கேயும் வாசித்தோம், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

வாட்ஸ்அப்பில் வாங்கிய வாய்ப்பு என்றாலும் தொகை, நேரம், எத்தனை செட், சவுண்ட் யார் பொறுப்பு, ரத்தானால் எவ்வளவு, இவ்வளவையும் ஒரே மெசேஜில் எழுதி "ஓகே" வாங்கி வையுங்கள். 2018-ல் எங்களிடம் அது இல்லை, அதனால்தான் சில்லி பனீரோடு போயிற்று.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கலாமா?

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. நான் விடவில்லை. விட்டவர்களில் கிட்டார் வகுப்பு எடுத்து, விளம்பரங்களுக்கு வாசித்து, கல்யாண சங்கீத்துக்கும் போய், நன்றாகவே இருக்கிறவர்களைத் தெரியும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் பேண்ட் பெயர் என்ன, அடுத்த நிகழ்ச்சி எப்போது?

பெயரைச் சொன்னால் ஆபீஸ் மேனேஜர் தேடிப் பிடித்துவிடுவார். அடுத்த நிகழ்ச்சி இப்போதைக்கு இல்லை. மர்ஃபி டவுன் டிரம்மருக்குக் கனடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான், சிம்பல்களை மட்டும் என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். இதைப் படிக்கிறவர்களில் யாராவது டிரம்ஸ் வாசிப்பவராக இருந்தால் மூன்றாவது மாடி கேண்டீனில் வந்து பாருங்கள். திஸ்ரம் தெரிந்திருக்க வேண்டும்.